இல்லாத நாற்காலிக்கு ஒரு பங்காளிச் சண்டை

நாள் 1: சென் தெனி

வந்து இறங்கிய மறுநாள் காலையில் அக்கா காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள். "முதல்ல எங்க போற? ஈஃபில் டவரா, டிஸ்னியா?"

ராஜாக்களைப் புதைத்த கோயில் எங்கே என்று கேட்டேன்.

"அது நம்ம சந்தைக்குப் பக்கத்துலதான். வாரம் தவறாம போறேன். ஆனா உள்ள போனதில்ல."

அக்கா காரைக்காலில் இருந்து இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பாரிசுக்கு வடக்கே லா கூர்னெவில் வீடு. டிராமில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சென் தெனி வந்துவிடுகிறது. இறங்கியதும் அரபி காதில் விழுந்தது, அப்புறம் நம் யாழ்ப்பாணத் தமிழ். துணிக்கடை, கோழிக்கடை, செல்போன் ரிப்பேர் கடை. அவற்றைத் தாண்டிப் போனால் சட்டென்று ஒரு பெரிய வெளி, அதன் நடுவே ஒற்றைக் கோபுரத்தோடு பசிலிக்கா. இரண்டு கோபுரம் இருந்த கோயில்தான். புயலில் பழுதான வடக்குக் கோபுரத்தை 1840-களில் இறக்கிவிட்டார்கள். அதைத் திரும்ப எழுப்பும் வேலை இப்போது நடக்கிறது.

பிரான்சின் ராஜாக்களுக்கு முடிசூட்ட ரேன்ஸ், புதைக்க சென் தெனி. ஆயிரம் வருடத்துக்கும் மேல் வழக்கம் இதுதான். 42 ராஜாக்கள், 32 ராணிகள் இங்கே அடக்கம் என்று கணக்குச் சொல்கிறார்கள். முன் மண்டபத்துக்குக் காசு கிடையாது. சமாதிகள் இருக்கும் பகுதிக்குத் தனி டிக்கெட்.

உள்ளே போனதும் முதலில் தெரிவது, எல்லோரும் படுத்திருக்கிறார்கள் என்பதுதான். பளிங்கில், சுண்ணாம்புக் கல்லில், கைகளைக் கூப்பியபடி வரிசை வரிசையாக. ஆண்களின் காலடியில் பெரும்பாலும் சிங்கம், பெண்களின் காலடியில் நாய்க்குட்டி. நாய்க்குட்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஒன்று ராணியின் பாவாடை மடிப்பில் முகத்தை நுழைத்துக்கொண்டிருக்கிறது. நான் ராஜாக்களை விட்டுவிட்டு நாய்களைத்தான் அதிக நேரம் பார்த்தேன்.

பன்னிரண்டாம் லூயிக்கும் அவர் மனைவி பிரித்தானி நாட்டு ஆனுக்கும் கட்டிய சமாதி இரண்டு அடுக்கு. மேலே இருவரும் முழு அலங்காரத்தோடு மண்டியிட்டுக் கும்பிடுகிறார்கள். கீழே அதே இருவர் பிணமாக, துணியில்லாமல், வாய் திறந்து கிடக்கிறார்கள். வயிற்றைக் கீறி உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தைத்த தையலைக்கூடச் சிற்பி விடவில்லை. ராஜாவின் உடம்பை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய ஊரில்தான் பிறகு அந்த உடம்புகளைத் தெருவுக்கு இழுத்தார்கள்.

1793-இல் புரட்சி அரசு இந்தச் சமாதிகளை உடைக்க உத்தரவு போட்டது. ஈயப் பெட்டிகளை உருக்கினால் தோட்டா செய்யலாம் என்பதும் ஒரு காரணம். அக்டோபரில் நிலவறையைத் திறந்தார்கள். முதலில் வெளியே வந்தவர் நான்காம் ஹென்றி. செத்து 183 வருடம் ஆகியும் உடம்பு கெடாமல் இருந்ததாம். சில நாள் நிற்க வைத்து வேடிக்கை காட்டினார்கள். அப்புறம் அவரையும், மற்ற எல்லோரையும் கோயிலுக்கு வெளியே வெட்டிய குழிகளில் போட்டுச் சுண்ணாம்பைக் கொட்டினார்கள். பதினான்காம் லூயிக்கும் அதே குழிதான். சிற்பங்கள் பிழைத்ததற்கு அலெக்சாந்தர் லெனுவார் என்ற ஒரு மனிதர் காரணம். கலைப்பொருள் என்று வாதாடி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தனியாக ஒரு காட்சிசாலை வைத்துக் காப்பாற்றினார்.

முடியாட்சி திரும்பி வந்த பிறகு, 1817-இல், ராஜா பதினெட்டாம் லூயி அந்தக் குழிகளைத் தோண்டச் சொன்னார். யாருடைய எலும்பு எது என்று பிரிக்க வழியில்லை. மொத்தமாகச் சேர்த்து நிலவறையில் ஓர் அறைக்குள் அடைத்து, வெளியே கல் பலகைகளில் எல்லாப் பெயர்களையும் வெட்டி வைத்தார்கள். மேலே அழகாகப் படுத்திருக்கும் சிற்பங்களுக்குக் கீழே யாரும் இல்லை. எல்லோரும் இந்தச் சுவருக்குப் பின்னால் கலந்து கிடக்கிறார்கள்.

நான்காம் ஹென்றியின் தலைக்கு மட்டும் தனிக்கதை. 2010-இல் ஒரு காய்ந்த தலையைக் காட்டி இது அவருடையதுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் அறிவித்தார்கள். 2013-இல் இன்னொரு குழு இப்போது உயிரோடிருக்கும், ஹென்றியின் பூர்போன் வம்சத்து ஆண்கள் மூவரின் மரபணுவை எடுத்து ஒப்பிட்டது. அப்பன் வழியில் மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோம் அந்த மூவருக்குள் பொருந்துகிறது, தலையோடு பொருந்தவில்லை. புரட்சியில் தலை வெட்டுண்ட பதினாறாம் லூயியின் ரத்தத்தில் நனைத்தது என்று ஒரு சுரைக் குடுவைக்குள் வைத்திருந்த கைக்குட்டைத் துணியும் அதே சோதனையில் தோற்றது.

அந்த மூன்று பேர்தான் என்னை இந்தப் பயணத்துக்கு இழுத்தவர்கள் என்று சொல்லலாம். ராஜா போய் நூற்று எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பங்காளிகள் இருக்கிறார்கள். பங்காளி இருந்தால் சண்டை இல்லாமல் இருக்குமா?

நிலவறையின் ஓரத்தில் ஒரு குழந்தையின் இதயம் வைத்திருப்பதாகப் படித்திருந்தேன். தேடிக்கொண்டிருக்கும்போதே காவலர் வந்து மணி ஐந்தேகால் ஆகிவிட்டது என்று சைகை காட்டினார். இன்னொரு நாள் வரணும்.

நாள் 2: பாரிஸ்

இன்று அக்கா மகள் துணைக்கு வந்தாள். கல்லூரி விடுமுறை. இந்த நாட்டுப் பள்ளியில் படித்தவள், புரட்சியைப் பரீட்சைக்காக நான்கு தடவை நெட்டுருப் போட்டவள். "மாமா, நீங்க ராஜா கட்சியா?" என்று ரயிலிலேயே கேட்டுவிட்டாள். எந்தக் கட்சியும் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவன் என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

கொன்கோர்ட் சதுக்கம். பதினாறாம் லூயியை 1793 ஜனவரி 21 அன்று இங்கேதான் வெட்டினார்கள். ராணி மரி அந்துவானெத்தை அதே வருடம் அக்டோபர் 16. நடுவில் நிற்பது எகிப்திலிருந்து வந்த கல்தூண். 1836-இல் நிறுத்தியவர் அப்போதைய ராஜா லூயி பிலிப். அந்த இடத்தில் ராஜாவுக்குச் சிலை வைத்தால் ஒரு பாதி ஊர் கொதிக்கும், புரட்சிக்கு வைத்தால் மறுபாதி. மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய பாரோவோடு பாரிசில் யாருக்கும் தகராறு கிடையாது. லூயி பிலிப் இப்படி நழுவியதற்கு வீட்டுக் காரணமும் உண்டு. அவருடைய அப்பா ஒர்லெயான் கோமகன், பதினாறாம் லூயியின் பங்காளி. புரட்சியில் சேர்ந்து, பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு, 'சமத்துவம்' என்பதையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டவர். சபையில் ராஜாவுக்கு மரண தண்டனை கொடுக்கலாம் என்று எழுந்து நின்று வாக்களித்தார். பத்து மாதம்கூட ஆகவில்லை, அதே கத்திக்கு அவர் கழுத்தும் போனது.

இந்தக் குடும்பத்தில் இன்றுவரை ஆறாத புண் அந்த ஒரு ஓட்டுதான்.

பெயர் விஷயம் ஒன்று. விசாரணையில் ராஜாவைக் 'குடிமகன் லூயி கப்பே' என்று கூப்பிட்டார்கள். ராஜாவுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 987-இல் அரசரான ஊக் கப்பேதான் வம்சத்தின் மூலவர் என்பதால் அந்தப் பட்டப்பெயரை எடுத்து ஒட்டிவிட்டார்கள். அது தன் முன்னோர் ஒருவருடைய பட்டப்பெயர், தன் பெயர் அல்ல என்று அவர் மறுத்துப் பார்த்தார். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் காரைக்கால் பக்கம் 1881-க்குப் பிறகு பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்களும் இப்படித்தான் ஆளுக்கொரு குடும்பப் பெயரைத் தேடிப் பிடித்தன. ராஜாவுக்குக் கிடைக்காத வசதி, அவர்களாவது பிடித்ததை வைத்துக்கொண்டார்கள்.

சேன் லசார் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே, பரிகாரக் கோயில் என்று சொல்லத்தக்க ஒரு சிறு கட்டடம். வெட்டுண்டவர்களைப் புதைத்த மதலேன் கல்லறைத் தோட்டம் இருந்த இடம். தோட்டத்தை விலைக்கு வாங்கிய ஒரு பழைய வழக்கறிஞர், ராஜா ராணி கிடந்த மூலையைச் சுற்றி வேலி கட்டி, மரம் நட்டுக் காத்து வந்தார். 1815 ஜனவரியில் தோண்டி எடுத்து சென் தெனிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அந்த இடத்தில் பதினெட்டாம் லூயி எழுப்பிய கோயில் இது. உள்ளே ராணியின் சிலைக்குக் கீழே அவள் கடைசியாக எழுதிய கடிதத்தைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். சாகும் நாள் விடியற்காலையில் நாத்தனாருக்கு எழுதியது. போய்ச் சேரவே இல்லை. அக்கா மகள் அதை முழுதும் படித்தாள். படித்துவிட்டு, "பள்ளிக்கூடத்துல இதைப் படிக்க வைக்கலையே" என்றாள்.

ஓட்டுப் போட்ட அந்த ஒர்லெயான் பங்காளியையும் இதே தோட்டத்தில்தான் புதைத்தார்கள். அவர் எலும்பைப் பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை.

நாள் 3: வெர்சாய்

வெர்சாயைப் பற்றி எழுத வேண்டாம் என்றே நினைத்தேன். கூட்டம். கண்ணாடி மண்டபத்தில் 357 கண்ணாடிகள், ஒவ்வொன்றிலும் செல்போனைத் தூக்கிப் பிடித்த கைகள். பதினான்காம் லூயி 1682-இல் அரசவையை இங்கே கொண்டுவந்தார். 1789 அக்டோபர் 6 அன்று ஜனங்கள் ராஜாவை இங்கிருந்து பாரிசுக்குக் கூட்டிப் போனார்கள். அதற்குப் பின் எந்த ராஜாவும் இங்கே குடியிருக்கவில்லை. லூயி பிலிப் இதை ஒரு வரலாற்றுக் காட்சிசாலையாக மாற்றி வைத்ததால் இடிபடாமல் தப்பியது.

ஹெர்குலிஸ் கூடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றேன். 1788 ஆகஸ்ட் 10 அன்று திப்பு சுல்தானின் தூதர்கள் மூவரை பதினாறாம் லூயி இங்கே வரவேற்றார். அவர்கள் கப்பல் ஏறியது நம் புதுச்சேரியில். கிட்டத்தட்ட ஒரு வருடப் பயணம். ஆங்கிலேயருக்கு எதிராகப் படை உதவி கேட்டு வந்தவர்களுக்கு விருந்து கிடைத்தது, பரிசு கிடைத்தது, படை கிடைக்கவில்லை. கஜானா காலி என்பது அவர்களுக்குத் தெரியாது. சரியாக நான்கு வருடம் கழித்து, 1792-இல் அதே ஆகஸ்ட் 10 அன்று, பாரிஸ் அரண்மனைக்குள் ஜனங்கள் புகுந்தார்கள். முடியாட்சி அன்றோடு முடிந்த மாதிரிதான்.

ராத்திரி சாப்பாட்டில்தான் இன்றைய உருப்படியான விஷயம். அத்தானின் அப்பா காரைக்கால் பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் எழுதியவர். அத்தானுக்கும் அந்த மூளை. வம்சக் கதையை ஆரம்பித்தேன், அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

விஷயம் இதுதான். இந்த நாட்டில் மகுடம் ஆண் வழியில் மட்டும் போகும். மகள் வழிக்கும் கிடையாது. கப்பே வழி 1328-இல் நேர் வாரிசு இல்லாமல் நின்றதும் பங்காளியான வலுவா வழி வந்தது. அது 1589-இல் நின்றதும் அடுத்த பங்காளியான பூர்போன் வழி, அதாவது நான்காம் ஹென்றி. கிளை மாறினாலும் அடிமரம் ஒன்றுதான்.

பதினான்காம் லூயியின் பேரன் ஒருவருக்கு 1700-இல் ஸ்பெயின் நாட்டு மகுடம் போய்ச் சேர்ந்தது. ஐந்தாம் பிலிப் என்று பெயர். இரண்டு நாட்டையும் ஒரே ஆள் ஆண்டுவிடக் கூடாது என்று ஐரோப்பா முழுக்க சண்டை. கடைசியில், பிரான்சின் மகுடத்தில் தனக்கும் தன் சந்ததிக்கும் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று பிலிப் எழுதிக் கொடுத்தார். 1713-இல் உட்ரெக்ட் உடன்படிக்கையோடு அது உறுதியானது.

"விடுதலைப் பத்திரம்," என்றார் அத்தான்.

அதேதான். பதினான்காம் லூயியின் நேர் வழியில் பிரான்சில் தங்கியிருந்த கிளை 1883-இல் பிள்ளை இல்லாமல் நின்றுபோனது. இப்போது மிச்சம் இரண்டு. ஒன்று, ஸ்பெயினுக்குப் போன பிலிப்பின் வழி. ரத்தத்தில் மூத்தது. இன்னொன்று, பதினான்காம் லூயியின் தம்பி வழியில் வந்த ஒர்லெயான். ரத்தத்தில் இளையது, ஆனால் ஊரை விட்டுப் போகாதது.

அத்தான் கேட்டார்: "அப்பன் எழுதிக் கொடுத்தது, பிறக்காத பிள்ளைகளைக் கட்டுமா?"

முந்நூறு வருடமாக இவர்கள் அடித்துக்கொள்வது இந்த ஒரு கேள்விக்குத்தான். ஸ்பெயின் வழிக்காரர்களின் வாதம்: மகுடம் சொத்தே இல்லை, பதவி. ராஜா அதற்குப் பரம்பரை தர்மகர்த்தா மாதிரி. தர்மகர்த்தா கோயிலை எழுதிக் கொடுக்க முடியுமா? பத்திரமே செல்லாது. ஒர்லெயான் பக்கத்து வாதம்: பத்திரம் செல்லும். அது போக, வேறு நாட்டுக்குப் போய் அந்நியராக ஆனவருக்கு இங்கே என்ன பாத்தியதை?

"ரெண்டு பக்கமும் பாயிண்ட் இருக்கு," என்றார் அத்தான். "சொத்து எவ்வளவு தேறும்?"

சொத்து ஒன்றும் இல்லை, நாற்காலியும் இல்லை என்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ரசம் கேட்டார்.

நாள் 4: த்ரே

தனியாகக் கிளம்பினேன். மோம்பார்னாஸ் ஸ்டேஷனில் ரயில் பிடித்தால் மேற்கே ஒரு மணி நேரம் போல. சுற்றுலாக்காரர்கள் யாரும் இறங்கவில்லை. ஊருக்கு மேலே ஒரு குன்று, குன்றின் மேல் ஒர்லெயான் குடும்பத்துக் கல்லறைக் கோயில். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. மழையும் பிடித்துக்கொண்டது.

சென் தெனி நாட்டுக்குச் சொந்தமான இடம். இது குடும்ப இடம், இப்போது ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. கட்ட ஆரம்பித்தவள் லூயி பிலிப்பின் அம்மா, 1816-இல். அவளுடைய பிறந்த வீட்டார் ஏற்கெனவே இங்கே அடக்கமாகியிருந்தார்கள். புரட்சியில் அந்த எலும்புகளையும் ஒரு குழியில் கொட்டிவிட்டார்கள். நாட்டுக்குத் திரும்பி வந்ததும் அவள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அந்தக் குழிக்கு மேல் ஒரு கோயில் எழுப்பியது. கணவன் ராஜாவின் சாவுக்கு ஓட்டுப் போட்டவன் என்ற பேரோடு வாழ்ந்த பெண், தன் அப்பாவின் எலும்புக்குக் கோயில் கட்டியிருக்கிறாள்.

லூயி பிலிப் நின்றுகொண்டிருக்கிறார், பக்கத்தில் ராணி மரி அமெலி மண்டியிட்டிருக்கிறாள். அவர் 1830 முதல் 1848 வரை ஆண்டவர். பட்டமே வேறு மாதிரி: 'பிரான்சின் ராஜா' இல்லை, 'பிரெஞ்சுக்காரர்களின் ராஜா'. 1848-இல் இங்கிலாந்துக்குத் தப்பிப் போய், 1850-இல் அங்கேயே செத்தார். 26 வருடம் கழித்துத்தான் உடம்பு இங்கே வந்தது.

ஆனால் இந்தக் கோயிலில் ராஜா முக்கியமில்லை. அவருடைய மூத்த மகன் பெர்தினான், பட்டத்துக்கு உரியவர், 1842-இல் குதிரைகள் மிரண்டு வண்டி ஓடியபோது விழுந்து செத்தார். வயது 31. மனைவி எலேன், ஜெர்மனியில் மெக்லன்பர்க் நாட்டுப் பெண், லூத்தரன் சபையைச் சேர்ந்தவள். மதம் மாறாமலே வாழ்ந்து, 1858-இல் இங்கிலாந்தில் இறந்துபோனாள். வேற்றுச் சபைக்காரியைக் கத்தோலிக்கக் கோயிலுக்குள் வைக்க முடியாது. அதற்கு என்ன செய்தார்கள் என்றால், கோயில் சுவரை ஒட்டி வெளிப்பக்கம் ஓர் அறை கட்டினார்கள். அதற்குத் தனி வாசல். நடுச்சுவரில் ஒரு திறப்பு விட்டார்கள். அவள் சமாதி அறைக்குள், அவர் சமாதி கோயிலுக்குள். பளிங்கில் படுத்திருக்கும் எலேன், அந்தத் திறப்பு வழியாகக் கையை நீட்டிக் கணவன் பக்கம் வைத்திருக்கிறாள்.

நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. விரல்கள் அவரைத் தொட்டும் தொடாமலும். சட்டத்தையும் மீறவில்லை, அவளையும் விடவில்லை. சாதி விட்டுச் சாதி கட்டியவர்களை ஊர்ச் சுடுகாட்டில் சேர்க்காத கதைகளைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, அந்தத் திறப்பைப் போட்டுக் கொடுத்த கொத்தனாரைக் கும்பிடத் தோன்றியது.

கீழே இறங்கினால் வட்டமாக அறைகள், அதில் பேரன்கள், கொள்ளுப் பேத்திகள், பிறந்து சில வருடத்தில் போன குழந்தைகள். புதிய கல்வெட்டுகளும் இருக்கின்றன. 1886-இல் குடியரசு ஒரு சட்டம் போட்டது: ஆண்ட குடும்பங்களின் தலைவரும் அவருடைய மூத்த வாரிசும் பிரான்ஸ் மண்ணில் இருக்கக் கூடாது. அதைக் கிளப்பிவிட்டது ஒரு கல்யாண விருந்து. ஒர்லெயான் குடும்பத்துப் பெண்ணைப் போர்ச்சுகல் இளவரசருக்குக் கொடுத்தபோது பாரிசில் வைத்த விருந்தில் கூட்டமும் ஆடம்பரமும் ஓர் அரசாங்கமே நடப்பது போல இருந்ததாம். கல்யாணத்தில் அளவு மீறிப் பந்தல் போட்டதற்கு 64 வருட நாடுகடத்தல். 1950-இல்தான் சட்டம் நீங்கியது.

அந்த வழியில் வந்த முந்தைய தலைவர், பாரிஸ் கோமகன் என்ற பட்டம் உடையவர், 2019-இல் இறந்தார். தேதி ஜனவரி 21. பதினாறாம் லூயியை வெட்டிய அதே தேதி. ஓட்டுப் போட்டவரின் வழித்தோன்றலுக்கு அந்தத் தேதியா என்று ஒரு நிமிடம் உடம்பு சிலிர்த்தது. தற்செயல்தான், தெரியும். ஆனாலும். இப்போது அவர் மகன் ழான் அந்தப் பட்டத்தோடு இருக்கிறார்.

எதிர்ப் பங்காளி லூயி, 1974-இல் மாட்ரிட்டில் பிறந்தவர். அவரை 'இருபதாம் லூயி' என்று கூப்பிட ஆட்கள் இருக்கிறார்கள். அம்மா வழியில் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவுக்குக் கொள்ளுப்பேரன். இந்த லூயியின் அப்பா மேல் ஒர்லெயான் தரப்பு பாரிஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. எதற்கு? நீல நிறக் கேடயத்தில் மூன்று லில்லிப் பூ உள்ள அரசச் சின்னத்தை அப்படியே அவர் போட்டுக்கொள்ளக் கூடாது என்று. இளைய கிளையான ஒர்லெயானின் சின்னத்தில் அதே மூன்று பூவுக்கு மேல் ஒரு வெள்ளைப் பட்டை உண்டு. வெள்ளைப் பட்டை இல்லாத சின்னம் யாருக்கு? 1988 டிசம்பரில் தீர்ப்பு: வம்சப் போட்டியில் மத்தியஸ்தம் செய்வது குடியரசு நீதிமன்றத்தின் வேலை இல்லை. வழக்குத் தள்ளுபடி.

கோயில் திருவிழாவில் பரிவட்டம் யாருக்கு முதலில் என்று ஐகோர்ட் வரை போன இரண்டு குடும்பங்களை எனக்கு நேரில் தெரியும். அதனால் நான் சிரிக்கவில்லை.

நாள் 5: ஷம்போர்

அத்தான் லீவு போட்டு வண்டி எடுத்தார். இரண்டரை மணி நேரம், வழி நெடுகச் சுங்கம். ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் ராஜாவைத் திட்டினார். ராஜா போட்ட வரி இல்லை இது என்று சொல்லிப் பார்த்தேன்.

காட்டுக்குள் 32 கிலோமீட்டர் மதில். உள்ளே போய்க்கொண்டே இருந்தால், திடீரென மரங்களுக்கு நடுவே கூரை முழுக்கக் கோபுரமும் புகைபோக்கியுமாக ஒரு மாளிகை. 282 கணப்பு அடுப்பு, 77 படிக்கட்டு. முதலாம் பிரான்சுவா 1519-இல் ஆரம்பித்தது. மனிதர் 32 வருட ஆட்சியில் இங்கே தங்கியது மொத்தம் 72 நாள்தான். நடுவில் இரட்டைச் சுருள் படிக்கட்டு. ஒருவர் ஏறவும் இன்னொருவர் இறங்கவும் செய்யலாம், ஒருவரை ஒருவர் பார்க்கலாம், எதிரே முட்டிக்கொள்ள மாட்டார்கள். அத்தானும் நானும் சின்னப் பையன்கள் மாதிரி இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்தோம்.

ஆனால் நான் வந்தது குதிரை வண்டிகளுக்காக. கீழே ஒரு கூடத்தில் பளபளவென்று நிற்கின்றன. புதுக் கருக்கு அழியாத வண்டிகள். ஒரு நாளும் ஓடாதவை.

பிறகு ராஜாவான பத்தாம் சார்லஸ், பதினாறாம் லூயியின் தம்பி. அவருடைய மகனை 1820 பிப்ரவரியில் ஒருவன் குத்திக் கொன்றான். மூத்த வழி அத்தோடு நின்றது என்று எல்லோரும் நினைத்தார்கள். மனைவி கர்ப்பம் என்பது அப்புறம் தெரிந்தது. செப்டம்பரில் பிறந்தது ஆண் குழந்தை. 'அற்புதக் குழந்தை' என்று கொண்டாடி, நாடு முழுக்க நன்கொடை திரட்டி இந்த மாளிகையை வாங்கி அந்தக் குழந்தைக்குக் கொடுத்தார்கள். ஷம்போர் கோமகன் என்று பேராகிவிட்டது. 1830-இல் லூயி பிலிப் ராஜாவானபோது, பத்து வயது நிறையும் முன்பே குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போனவர், ஆஸ்திரியாவில் வளர்ந்தார்.

1871-இல் காலம் திரும்பியது. நெப்போலியன் வம்சத்தின் பேரரசு முந்தைய வருடப் போரிலேயே கவிழ்ந்திருந்தது. புதிதாகத் தேர்ந்த சபையில் முடியாட்சிக்காரர்களே பெரும்பான்மை. ஷம்போர் கோமகனுக்குப் பிள்ளை இல்லை. அவர் ராஜா, அவருக்குப் பிறகு ஒர்லெயான் என்று பங்காளிகளுக்குள் சமாதானமும் ஆகப்போகிறது. 1873 ஆகஸ்டில் ஒர்லெயான் தலைவர் ஆஸ்திரியா போய் அவரைத் தலைவர் என்று ஏற்றுக்கொண்டார். ஊர்வலத்துக்கு வண்டி தயார். ஒரே ஒரு நிபந்தனை: புரட்சி கொண்டுவந்த மூவர்ணக் கொடியை ஏற்க வேண்டும்.

மாட்டேன் என்றார். நான்காம் ஹென்றியின் வெள்ளைக் கொடிதான் என் கொடி. 1871 ஜூலையில் இந்த மாளிகையில் மூன்று இரவு தங்கியபோதே அதை அறிக்கையாக வெளியிட்டிருந்தார். 1873 அக்டோபரில் திரும்பவும் அதையே எழுதி அனுப்பினார்.

அவரை மாற்ற முடியாது, சரி, அவர் காலம் முடியும்வரை காத்திருப்போம் என்று முடியாட்சிக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். அதுவரை இருக்கையைச் சூடாக வைத்திருக்க மார்ஷல் மக்மகோனுக்கு ஏழு வருடப் பதவி கொடுத்தார்கள். பிரான்சின் குடியரசுத் தலைவருக்கு ஏழு வருடம் என்ற கணக்கு அங்கிருந்து வந்ததுதான். 2000-இல் பொது வாக்கெடுப்பு நடத்தித்தான் ஐந்தாகக் குறைத்தார்கள். கோமகன் 1883 வரை உயிரோடு இருந்தார். அதற்குள், 1875 ஜனவரியில், குடியரசு என்ற சொல்லைச் சட்டத்துக்குள் கொண்டுவரும் திருத்தம் 353-க்கு 352 என்று ஒரே ஓட்டில் ஜெயித்துவிட்டது.

அத்தானுக்கு இந்த மனிதர் மேல் கோபம். "துணி நிறத்துக்காகவா?" எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூவர்ணத்தை ஏற்றால், ஓட்டால் வந்த ராஜா ஆகிவிடுவார். லூயி பிலிப் ஆகிவிடுவார். ஆண்டால் தாத்தா மாதிரி, இல்லாவிட்டால் வேண்டாம். பிடிவாதம்தான், முட்டாள்தனமாகவும் இருக்கலாம். ஆனால் நாற்காலியைக் கண்டதும் கொடியை மாற்றுகிறவர்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்த ஓடாத வண்டிகள் கொஞ்சம் மரியாதையாகவே தெரிந்தன.

திரும்பும் வழியில் அத்தான் போபால் கதையைக் கேட்டார். அங்கே ஒரு குடும்பம், பதினாறாம் நூற்றாண்டில் இந்தியா வந்த ஒரு பூர்போனின் வழி என்று சொல்லிக்கொள்கிறது. உண்மையானால் இந்த இரண்டு பங்காளிகளுக்கும் மூத்தவர்கள் அவர்களே என்று சில வருடங்களுக்கு முன் பத்திரிகைகளில் அடிபட்டது. நிரூபணம் ஆகவில்லை. "ஆகட்டும், நம்ம ஊர் ஆளு ஒருத்தர் கேஸ்ல இருக்கட்டும்," என்றார்.

நாள் 6: மறுபடி சென் தெனி

சந்தை நாள். அக்காவும் வந்தாள், சக்கரம் வைத்த பையோடு. காய்கறி வாங்கி முடித்ததும், "சரி, இன்னைக்கு வர்றேன்" என்றாள். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் பையை என்ன செய்வது என்று ஒரு பிரச்சினை. கொத்தமல்லிக் கட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்த பெண் சிரித்துவிட்டு, தன் மேசைக்குப் பின்னால் வைக்கச் சொன்னாள்.

நிலவறையில் இந்தத் தடவை கிடைத்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு படிகக் கிண்ணம். உள்ளே காய்ந்து கறுத்த, ஒரு கொட்டைப்பாக்கை விடக் கொஞ்சம் பெரிய ஏதோ ஒன்று. பதினாறாம் லூயிக்கும் மரி அந்துவானெத்துக்கும் பிறந்த மகன். அப்பா செத்ததும் விசுவாசிகளுக்கு அவன் பதினேழாம் லூயி. தாம்ப்பிள் சிறையில் தனி அறையில் அடைத்து வைத்தார்கள். 1795 ஜூன் 8 அன்று செத்தபோது வயது பத்து. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் பெல்த்தான், இதயத்தை எடுத்து யாருக்கும் தெரியாமல் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார். அப்புறம் அது திருட்டுப் போனது, திரும்பி வந்தது, 1830 கலவரத்தில் பேராயர் மாளிகையில் கண்ணாடி உடைந்து குப்பையில் கிடந்தது. பெல்த்தானின் மகன் போய்த் தேடி எடுத்தார்.

நடுவில், நான்தான் அந்தப் பையன், தப்பித்துவிட்டேன் என்று நிறைய பேர் கிளம்பினார்கள். நாவுன்டார்ப் என்ற கடிகாரக்காரர் கடைசி மூச்சு வரை அதைச் சொல்லி, 1845-இல் ஹாலந்தில் செத்தார். 2000-இல் இந்த இதயத்திலிருந்து எடுத்த மரபணுவை மரி அந்துவானெத் குடும்பத்துப் பெண்களின் தலைமுடியோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. 2004 ஜூன் 8 அன்று இங்கே கொண்டுவந்து வைத்தார்கள்.

அக்காவுக்கு இதை எல்லாம் சொன்னேன். ஆண்வழி ஆண்வழி என்று அடித்துக்கொள்கிற வம்சத்தில், இந்தப் பையன் யார் என்று கடைசியில் சொல்லிக் கொடுத்தது அம்மா வழியில் வரும் மரபணு என்பதையும் சொன்னேன். அவள் கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்தாள்.

"எனக்கு நேஷனாலிட்டி வாங்கறதுக்குத் தாத்தாவோட பிறப்புப் பத்திரம் கேட்டாங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள். இல்லாமல் இருக்குமா. தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஒரு காகிதத்தில் ஒரு எழுத்து கூட, இன்னொன்றில் குறைவு. ஒரு அலுவலகத்தில், இது வேற ஆளு என்று மூன்று வருடம் இழுத்தடித்தார்கள். "அந்தாளு என்கிட்ட, நீ இவரோட பேத்திதான்னு எப்படி நம்பறதுன்னு கேட்டான் தம்பி. நான் அவர் மடியில உக்காந்து சாப்பிட்டவ."

பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக வந்தார்கள். பத்து வயது இருக்கும். இந்த ஊர்ப் பிள்ளைகள், மாலி, அல்ஜீரியா, இலங்கை என்று பல முகங்கள். ஒரு பையன் கிண்ணத்தைப் பார்த்து ஆசிரியையிடம் என்னவோ கேட்டான். அவன் சாப்பிட்டானா என்று கேட்கிறான், சிறையில் சாப்பாடு கொடுத்தார்களா என்று, அக்கா எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்.

வெளியே வந்து பையை வாங்கிக்கொண்டோம். டிராம் கூட்டமாக இருந்தது. அக்காவுக்கு மட்டும் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் பைக்குள் கையை விட்டு, முருங்கைக்காய் உடையாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.